குறுகியகால மிஷன் பயணம் விசுவாசத்துக்குக் கற்றுத்தருவது என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு வாரம் முதல் நான்கு வாரம் வரை வேறோர் இடத்துக்கு ஊழியம் செய்யப் போகிறவர்களுக்கும், அவர்களை அனுப்பும் சபைகளுக்கும் இது எழுதப்பட்டது. விசா, பெட்டி, பயணச்சீட்டு பற்றியெல்லாம் அழைத்துப்போகும் அமைப்பே சொல்லிவிடும். போய்வந்தவரின் விசுவாசத்தில் என்ன நடக்கிறது, அதில் எது நிலைக்கிறது, எது ஏன் கரைந்துபோகிறது என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

சில வாரங்களுக்கு மட்டும் போய்வருவதற்கு வேதத்தில் முன்மாதிரி உண்டா?

உண்டு. லூக்கா 10-ல் இயேசு எழுபது பேரை இரண்டிரண்டு பேராக அனுப்புகிறார். அவர்கள் போய்த் திரும்பிவந்து நடந்ததைச் சொல்கிறார்கள். மாற்கு 6-ல் பன்னிருவரும் அப்படியே. அப்போஸ்தலர் 13, 14 அதிகாரங்களில் அந்தியோகியா சபை பவுலையும் பர்னபாவையும் அனுப்புகிறது. அவர்கள் திரும்பியதும் சபையைக் கூட்டி நடந்ததை அறிவிக்கிறார்கள். அனுப்புதல், போதல், வந்து கணக்குச் சொல்லுதல் மூன்றும் அங்கேயே இருக்கின்றன.

ஆனால் அதே பவுல் கொரிந்துவில் ஒன்றரை வருடமும் (அப். 18:11) எபேசுவில் மூன்று வருடமும் (அப். 20:31) தங்கினார். "பவுலும் ஊர் ஊராகத்தானே போனார்" என்று வாதாடுகிறவர்கள் இந்த இரண்டு வசனங்களையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

இன்று நாம் காணும் வடிவம் 20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் உருவானது. 1957-ல் ஜார்ஜ் வெர்வர் என்ற மாணவர் இரண்டு நண்பர்களோடு மெக்சிகோவுக்குப் போனார். அதிலிருந்து வளர்ந்ததே ஆபரேஷன் மொபிலைசேஷன் என்ற மிஷன் அமைப்பு. 1960-ல் லோரன் கன்னிங்ஹாம் தொடங்கிய அமைப்பு, இன்று ஒய்வாம் என்று அறியப்படும் யூத் வித் எ மிஷன்.

போகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் எது?

நாம் போய்ச் சேருவதற்கு முன்பே தேவன் அங்கே வேலை செய்துகொண்டிருந்தார் என்பது. வாயால் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் "இந்த மக்களுக்கு இயேசுவைக் கொண்டுபோகிறோம்" என்று ஜெபக் கடிதம் எழுதும்போது அது மறந்துவிடுகிறது. கொரிந்துவில் பவுல் பயந்திருந்தபோது கர்த்தர் சொன்னது, "இந்தப் பட்டணத்தில் எனக்கு அநேக ஜனங்கள் உண்டு" என்பதுதான். பவுலுக்கு அந்த ஜனங்களை அப்போது தெரியாது.

அப்போஸ்தலர் 10-ஐ, யூதரல்லாத கொர்நேலியு மனந்திரும்பிய அதிகாரம் என்றே பெரும்பாலும் பிரசங்கிக்கிறோம். பயணத்துக்கு முன் அதைப் பேதுருவின் பக்கத்திலிருந்து வாசித்துப் பாருங்கள். தூதன் முதலில் போனது கொர்நேலியுவின் வீட்டுக்கு. பேதுருவுக்கோ மூன்று முறை தரிசனம் காட்ட வேண்டியிருந்தது. அப்போதும் அவருக்குக் குழப்பம்தான். மற்றவர்களுக்குப் போதிக்கப் புறப்பட்டவர் அந்த வீட்டுக்குள் நின்று, "தேவன் பட்சபாதமுள்ளவரல்ல என்று நிச்சயமாய் அறிந்திருக்கிறேன்" என்று தான் கற்றதைச் சொல்கிறார்.

இதை நடைமுறையாக்க எளிய வழி ஒன்று உண்டு. போய்ச் சேர்ந்த முதல் இரண்டு நாட்களில் குழுவினர் யாரும் பிரசங்கிக்க வேண்டாம், பாடம் நடத்த வேண்டாம். உள்ளூர் போதகரிடமும் விசுவாசிகளிடமும் மூன்று கேள்விகள் மட்டும் கேளுங்கள்: இங்கே முதல் விசுவாசி யார், எப்படி வந்தார்? கடந்த ஒரு வருடத்தில் தேவன் உங்கள் நடுவில் என்ன செய்தார்? இப்போது எதற்காக அழுது ஜெபிக்கிறீர்கள்? பதில்களை எழுதிக்கொள்ளுங்கள். பத்து நாள் பயணத்தில் இரண்டு நாள் வீணாகிறதே என்று குழுத் தலைவர்கள் பதறுவார்கள். அந்த இரண்டு நாட்கள் இல்லாவிட்டால் மீதி எட்டு நாளும் ஊருக்குத் தேவையில்லாத பாடத்தை நடத்திவிட்டு வருவோம்.

"அவர்களிடம் ஒன்றுமே இல்லை, ஆனாலும் எவ்வளவு சந்தோஷம்!" இது நல்ல பாடம்தானே?

திரும்பிவந்தவர்கள் சபையில் அதிகம் சொல்லும் வாக்கியம் இதுதான். அதிகம் சந்தேகிக்க வேண்டியதும் இதுவே.

விருந்தாளி வந்தால் யாரும் சிரித்த முகத்தோடுதான் வரவேற்பார்கள். ஒரு வாரம் தங்குகிறவர் கண்ணில் படுவது அந்த முகம். கடன், நோய், பள்ளியை விட்ட பிள்ளை, இறந்துபோன குழந்தை ஆகியவை மொழி தெரியாத அந்நியரிடம் பேசும் விஷயங்கள் அல்ல. சிரிப்பை மட்டும் பார்த்துவிட்டு "வறுமையிலும் மனரம்மியம்" என்று பாடம் எழுதினால் அவர்களுடைய துக்கத்தை அழித்துவிடுகிறோம். கூடவே, அவர்கள் சந்தோஷமாகத்தானே இருக்கிறார்கள், நாம் எதையும் மாற்ற வேண்டியதில்லை என்ற சௌகரியமான முடிவும் வந்துவிடுகிறது.

இதில் உண்மை இல்லாமலும் இல்லை. 2 கொரிந்தியர் 8-ல் மக்கெதோனியா சபைகளைப் பற்றிப் பவுல் எழுதும்போது கொடிய தரித்திரத்தையும் பரிபூரண சந்தோஷத்தையும் ஒரே வசனத்தில் வைக்கிறார். ஆனால் தரித்திரத்தை அவர் மறைக்கவில்லை. அந்தச் சந்தோஷம் அவர்களைக் கொடுக்கிறவர்களாக்கியது, தங்கள் திராணிக்கு மிஞ்சியும் கொடுத்தார்கள் என்கிறார். அவர்கள் கொடுத்ததைக் காட்டித்தான் வசதியுள்ள கொரிந்து சபையிடம் "நீங்கள் எவ்வளவு கொடுக்கிறீர்கள்?" என்று கேட்கிறார். சந்தோஷத்தைப் பார்த்த பிறகு நம் கையிலிருந்து ஏதாவது போயிருக்கிறதா? போகவில்லை என்றால் நாம் கற்றது பாடமல்ல, அனுதாபம்.

பிலிப்பியர் 4:11-ஐ மேற்கோள் காட்டுகிறவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன் என்று பவுல் சொல்வது தன்னைப் பற்றி, சிறையிலிருந்து. அடுத்தவர் பசியைப் பார்த்து அவர் அதைச் சொல்லவில்லை.

நாம் உதவி செய்யப் போயிருக்கிறோம். ஏழை விசுவாசிகள் தரும் உணவையும் படுக்கையையும் வாங்கிக்கொள்வது சரியா?

வாங்கிக்கொள்ளுங்கள். லூக்கா 10:7-ல் இயேசு கொடுத்த கட்டளை தெளிவானது: அந்த வீட்டிலேயே தங்குங்கள், அவர்கள் கொடுப்பதைப் புசியுங்கள், வீடு வீடாய் மாறாதிருங்கள். பையும் பாதரட்சையும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியதும் இதற்காகவே. கொடுக்கும் இடத்தில் மட்டுமே இருக்க விரும்புகிறவருக்கு வாங்கும் இடத்தில் உட்காருவது கூச்சமாக இருக்கும். கிருபையைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டவர்களுக்கும் இந்தக் கூச்சம் உண்டு. பதிலுக்கு எதுவும் தர முடியாத விருந்தில் உட்காரும்போதுதான் கிருபை என்பது என்ன என்று உடம்புக்குத் தெரிகிறது.

உங்களுக்காக ஆகும் உணவுச் செலவு அந்தக் குடும்பத்துக்குப் பாரமாகக் கூடாது. ஆகவே அதைக் குழுவின் வரவுசெலவிலேயே கணக்கிட்டு, சேருவதற்கு முன்பே உள்ளூர் சபையின் மூலம் கொடுத்துவிட வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் விருந்து வைத்தவர் கையில் பணத்தைத் திணிப்பது அவமானப்படுத்துவது. ஒவ்வாமையோ மருத்துவர் விதித்த உணவுக் கட்டுப்பாடோ இருந்தால் குழுத் தலைவர் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடட்டும். பந்தியில் உட்கார்ந்த பிறகு சொன்னால் சங்கடம்.

மொழிபெயர்ப்பாளரை வைத்துச் சாட்சி சொல்வது எப்படி? அதில் விசுவாசத்துக்கு என்ன பாடம்?

பாடம் பின்னால் வரட்டும், முதலில் வேலை. மொழிபெயர்ப்போடு பேசினால் நேரம் இரண்டு மடங்கு ஆகும். 20 நிமிடம் கொடுத்தால் உங்களுக்கு உள்ளது 10 நிமிடம். 20 நிமிடத்துக்குத் தயாரித்துக்கொண்டு போகிறவர்கள் கடைசியில் முக்கியமான பகுதியை விட்டுவிட்டு ஓடுகிறார்கள். பெரும்பாலும் விட்டுப்போவது சிலுவையைப் பற்றிய பகுதி.

எழுதிய பிரதியை, வசன எண்களோடு, ஒரு நாள் முன்பே மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். அவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து வாசியுங்கள். வசனங்களை நீங்கள் வாசித்து அவர் மொழிபெயர்க்கத் தேவையில்லை. அவர்களுடைய வேதாகமத்திலிருந்தே நேராக வாசிக்கட்டும். ஒவ்வொரு முறையும் முழு வாக்கியம் ஒன்றைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். பாதி வாக்கியத்தில் நிறுத்தினால், எழுவாயும் பயனிலையும் வேறு வரிசையில் வரும் மொழிகளில் அவரால் தொடங்கவே முடியாது. சிலேடை, கவிதை, சினிமா வசனம், கிரிக்கெட் உதாரணம் எதுவும் வேண்டாம். மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துப் பேசாமல் சபையைப் பார்த்துப் பேசுங்கள். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை அவருக்கு ஓய்வும் தண்ணீரும் தேவை. களைத்த மொழிபெயர்ப்பாளர் நீங்கள் சொன்னதைச் சுருக்கிவிடுவார். அது உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

இப்படித் தயாரிக்கும்போது ஒன்று நடக்கிறது. "அபிஷேகம்", "பாரம்", "உடைக்கப்பட்டேன்" என்று சபையில் புழங்கும் சொற்களைக் கழித்துவிட்டு, இயேசு எனக்கு என்ன செய்தார் என்று சின்னச் சின்ன வாக்கியங்களில் சொல்ல வேண்டியிருக்கிறது. பல வருட விசுவாசிகள்கூட இங்கே தடுமாறுகிறார்கள். அந்தத் தடுமாற்றம் நல்லது. பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே வர வேண்டும், அவ்வளவுதான். மூன்று நிமிடச் சாட்சியை எழுதி, சபைக்கே வராத ஒருவரிடம் வாசித்துக் காட்டி, அவருக்குப் புரியாத இடங்களில் கோடிட்டு, மறுபடி எழுதுங்கள்.

எத்தனை பேர் கை தூக்கினார்கள் என்பதை எண்ணி அறிக்கையில் போடலாமா?

போட வேண்டாம். வந்த விருந்தாளிக்கு ஏமாற்றம் தரக் கூடாது என்ற மரியாதைக்காகவே பல இடங்களில் கை தூக்குவார்கள். "ஜெபம் வேண்டுமா?" என்ற கேள்வியும் "இயேசுவை ஏற்றுக்கொள்கிறீர்களா?" என்ற கேள்வியும் மொழிபெயர்ப்பில் ஒன்றாகிப்போவதும் உண்டு. போன வருடம் வந்த குழுவிடம் கை தூக்கிய அதே பிள்ளைகள் இந்த வருடமும் தூக்குவார்கள். இரண்டு குழுவின் அறிக்கையிலும் அந்த எண்ணிக்கை ஏறிவிடும்.

விருப்பம் காட்டியவரின் பெயரையும் அவர் இருக்கும் இடத்தையும் அன்றைக்கே உள்ளூர் போதகரிடம் கொடுத்துவிடுங்கள். யார் சந்திப்பார், எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து விசாரியுங்கள். விசுவாசத்துக்கு மாறுவது ஆபத்தாகவோ சட்டச் சிக்கலாகவோ உள்ள இடங்களில் பெயரை எங்கும் எழுதிவைக்காதீர்கள், படம் எடுக்காதீர்கள். நம்மைப் பொறுத்தவரை அது ஒரு அறிக்கை வரி, அவருக்கு அது குடும்பத்தை இழக்கும் விஷயம்.

எழுபது பேரும் வெற்றிக் களிப்போடு திரும்பிவந்தபோது இயேசு அதைத் திருத்தினார்: ஆவிகள் கீழ்ப்படிகிறதற்காகச் சந்தோஷப்படாமல், உங்கள் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருக்கிறதற்காகச் சந்தோஷப்படுங்கள் (லூக்கா 10:20). ஊழியத்தின் பலனில் தன் மதிப்பைத் தேடுகிறவருக்கு இந்த வசனம் பயணத்தின்போதே வேண்டும்.

ஜெபித்தோம், நோயாளி குணமாகவில்லை. கூட்டம் வைத்தோம், யாரும் வரவில்லை. விசுவாசம் குறைந்துவிட்டதாக உணர்கிறேன்.

நட்டது ஒருவர், நீர்ப்பாய்ச்சியது இன்னொருவர், விளையச்செய்தது தேவன் (1 கொரி. 3:6). பத்து நாளில் நாம் பார்ப்பது இதில் எந்தப் பகுதி என்பதே நமக்குத் தெரியாது. அப்போஸ்தலர் 16:6, 7-ல் பவுலின் குழு போக நினைத்த இரண்டு பாதைகளைப் பரிசுத்த ஆவியே அடைத்தார். நல்ல நோக்கம், நல்ல குழு, ஆனாலும் கதவு மூடியது.

ஏமாற்றத்தை மறைத்துவிட்டு அன்றைய இரவு ஜெபத்தில் "எல்லாம் நன்மைக்கே" என்று முடித்துவிடாதீர்கள். 13ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள், ஆறே வசனம்தான். "எதுவரைக்கும்" என்று அங்கே சங்கீதக்காரர் நான்கு முறை கேட்கிறார். அப்படிக் கேட்பதும் விசுவாசத்தின் பேச்சே. அடுத்த நாளும் அதே நோயாளியைப் போய்ப் பாருங்கள். குணமாகாதவரை இரண்டாம் முறை பார்க்கப் போகாத குழுக்கள் நிறைய.

பயணத்தில் நானே நோயில் படுத்துவிட்டால்? அது விசுவாசக் குறைவா?

இல்லை. எப்பாப்பிரோதீத்து பவுலுக்கு உதவி செய்யப் போய் மரணத்துக்குச் சமீபமாய் வியாதிப்பட்டார், பவுல் அவரைக் கனப்படுத்தி எழுதுகிறார் (பிலி. 2:25-30). துரோப்பீமுவை வியாதியுள்ளவனாக மிலேத்துவில் விட்டுவந்தேன் என்றும் பவுலே எழுதுகிறார் (2 தீமோ. 4:20).

குழுக்களில் சாதாரணமாக வருவது வயிற்றுப்போக்கு. உப்புச்சர்க்கரைப் பொட்டலம் கையில் இல்லை என்றால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். உப்பு கூடிவிட்டால் ஆபத்து, அளவை மாற்றாதீர்கள். இரத்தம் போனால், கடும் காய்ச்சல் இருந்தால், குடித்ததெல்லாம் வாந்தியானால் மருத்துவரிடம் போங்கள். மலேரியாத் தடுப்பு மாத்திரையைத் திரும்பிவந்த பிறகும் மருத்துவர் சொன்ன நாள்வரை தொடர வேண்டும்; "கர்த்தர் காத்தார்" என்று ஊர் வந்ததும் நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தவறு.

படுக்கையில் கிடக்கும் இரண்டு நாளும் பலருக்குக் கடினம். எந்தப் பயனும் இல்லாமல் கிடக்கும்போதும் தேவன் என்னை நேசிக்கிறாரா என்ற கேள்வி அப்போதுதான் வருகிறது. அதை அவசரமாக மூடாதீர்கள்.

குழுவுக்குள் சண்டை வருகிறது. ஆவிக்குரிய பயணத்தில் இப்படி ஏன்?

தூக்கம் குறைவு, வேறு உணவு, தனிமை இல்லை, திட்டம் மணிக்கு மணி மாறுகிறது. புதுமை தீர்ந்த மூன்றாம், நான்காம் நாளில் வெடிக்கும். இதை எல்லாமே பிசாசின் போராட்டம் என்று சொல்லிவிடும் குழுக்கள் முன்னிரவில் தூங்கப் போயிருந்தால் பாதி தீர்ந்திருக்கும். ஏழு மணி நேரத் தூக்கத்தைத் திட்டத்திலேயே எழுதிவையுங்கள்.

மீதிப் பாதி உண்மையான பாவம்: யார் பிரசங்கிப்பது, யார் பாத்திரம் கழுவுவது, யாருக்கு நன்றி சொன்னார்கள், யாரை விட்டுவிட்டார்கள். மத்தேயு 18:15-ஐ அன்றைக்கே நடைமுறைப்படுத்துங்கள். முதலில் சம்பந்தப்பட்டவரிடம் தனியாக. மற்றவரிடம் "ஜெபக் குறிப்பாக" சொல்வதும் புறங்கூறுதலே. தீரவில்லை என்றால் தலைவரோடு மூவராக உட்காருங்கள். தலைவரோடேயே பிரச்சினை என்றால் யாரிடம் போவது என்று புறப்படுவதற்கு முன்பே ஒருவரை நியமித்து வைத்திருக்க வேண்டும். பெரும்பாலான குழுக்களில் இது விட்டுப்போகிறது.

மாற்கு நடுவழியில் திரும்பிப்போனதால் பவுலும் பர்னபாவும் கடுமையாகப் பிரிந்தார்கள் (அப். 15:37-39). பல வருடம் கழித்து அதே மாற்குவை, ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன், அழைத்துவா என்று பவுல் எழுதுகிறார் (2 தீமோ. 4:11). நடுவழியில் சோர்ந்துபோன ஒருவரைப் பற்றிச் சபையில் என்ன அறிக்கை கொடுப்பது என்று யோசிக்கிற தலைவர் இந்த இரண்டு இடங்களையும் அடுத்தடுத்து வாசிக்கட்டும்.

பயணத்தில் தனி ஜெபத்துக்கு நேரமே கிடைப்பதில்லை.

கிடைக்காது, ஒதுக்க வேண்டும். காலையில் 20 நிமிட மௌனம், கைப்பேசி இல்லாமல். ஒரே சுவிசேஷத்தின் ஒரே பகுதியைக் குழு முழுவதும் வாசித்தால் போதும். இரவில் அரை மணி நேரம் கூடி மூன்று கேள்விகள்: இன்று யாரிடமிருந்து என்ன கற்றேன் (பெயரோடு)? எது எனக்கு எரிச்சல் தந்தது, ஏன்? நாளை யாருக்காக ஜெபிக்க வேண்டும்? எரிச்சல் பற்றிய கேள்வியை விட்டுவிடாதீர்கள். என் சௌகரியத்தை நான் எவ்வளவு வணங்குகிறேன் என்பது அங்கேதான் தெரியவரும்.

குறிப்பேட்டில் இடதுபக்கம் நடந்ததை மட்டும் எழுதுங்கள். அதற்கு நீங்கள் கொடுக்கும் அர்த்தத்தை வலதுபக்கம் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து வாசித்தால் வலதுபக்கத்தில் நிறைய அடிக்க வேண்டியிருக்கும். இடதுபக்கம் அப்படியே நிற்கும்.

பிள்ளைகள் இல்லத்தில் ஒரு வாரம் விளையாடிவிட்டு வரலாமா? பணம் கேட்டால் கொடுக்கலாமா?

பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகள் புதிதாக வருகிறவர்களோடு சீக்கிரம் ஒட்டிக்கொள்வார்கள். அந்த ஒட்டுதல் வாராவாரம் அறுபடுவது அவர்களுக்குக் கேடு. வளர்க்கும் ஊழியர்களுக்கு ஓய்வு, பயிற்சி, கட்டடப் பழுதுபார்ப்பு என்று உதவலாம். எந்தப் பிள்ளையோடும் பெரியவர் ஒருவர் தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பேர். பெற்றோர் அல்லது பொறுப்பாளர் சம்மதம் இல்லாமல் படம் வேண்டாம். சம்மதம் இருந்தாலும் பெயரும் இடமும் சேர்த்து வெளியிட வேண்டாம்.

பணம் கேட்டால் தனியாக யாரும் கொடுக்கக் கூடாது என்று முன்பே முடிவெடுங்கள். குழுத் தலைவர் உள்ளூர் போதகரிடம் சொல்லி, சபை வழியாகச் செய்யட்டும். காணிக்கைப் பணத்தைக் கொண்டுபோகப் பவுல் தன்னோடு வேறு சகோதரர்களையும் சேர்த்துக்கொண்டது யாரும் குற்றப்படுத்தாதபடிக்குத்தான் (2 கொரி. 8:20).

பணத்தைவிட அதிகக் கேடு செய்வது வாக்குறுதி. "படம் அனுப்புகிறேன்", "படிக்க வைக்கிறேன்", "அடுத்த வருடமும் வருவேன்." குழுவில் ஒருவர் வாக்குறுதிப் பட்டியல் வைத்திருக்கட்டும்: யார், யாரிடம், என்ன, எந்தத் தேதிக்குள். நிறைவேற்ற முடியாததை, அங்கிருந்து ஊர் திரும்புவதற்கு முன்பே போய் முடியாது என்று சொல்லிவிடுங்கள். உள்ளதை உள்ளதென்று சொல்லச் சொன்னவரின் பெயரில்தானே போயிருக்கிறோம்.

வீடு திரும்பியதும் வெறுமையாக இருக்கிறது. ஏன்?

உடல் களைப்பு முக்கியமான காரணம். 1 இராஜாக்கள் 19-ல் எலியா கர்மேலின் வெற்றிக்குப் பிறகு சாக வேண்டும் என்கிறார். தூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. இரண்டு முறை சாப்பிட வைத்து, தூங்கவிட்டான். திரும்பிவந்து கணக்குச் சொன்ன சீஷர்களிடம் இயேசுவும் "சற்றே இளைப்பாறும்படி" வாருங்கள் என்றார் (மாற்கு 6:31). முதல் இரண்டு நாட்கள் வேலை, கூட்டம், அறிக்கை எதுவும் வைக்காதீர்கள்.

சொந்தச் சபை மீது எரிச்சலும் வரும். இங்கே எல்லோரும் அனலற்றவர்கள், ஒலிபெருக்கிக்காகச் சண்டை போடுகிறார்கள் என்று தோன்றும். உங்களை அனுப்பியது அந்தச் சபைதான். இரண்டு வாரம் விமரிசனத்தை அடக்கிவைத்தால், அதில் எது தீர்க்கதரிசனம், எது களைப்பு என்று தெரிந்துவிடும். வெறுமை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கற்றதெல்லாம் மூன்று மாதத்தில் மறைந்துபோவது ஏன்?

1998-ல் மிட்ச் சூறாவளி ஹோண்டுராஸை அழித்தபின், வட அமெரிக்காவிலிருந்து குறுகியகாலக் குழுக்கள் போய் வீடு கட்டிக்கொடுத்தன. கர்ட் வெர் பீக் என்ற ஆய்வாளர் இதை ஆராய்ந்து 2006-ல் வெளியிட்டார். குழுக்கள் கட்டிய வீட்டில் இருந்த குடும்பங்களுக்கும் உள்ளூர் அமைப்பு கட்டிய வீட்டில் இருந்த குடும்பங்களுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. போய்வந்தவர்கள் தங்கள் வாழ்க்கை மாறியதாகச் சொன்னார்கள். ஆனால் அவர்களுடைய கொடுத்தலில் பெரிய மாற்றம் தெரியவில்லை. வளைத்த இளங்கன்றைக் கட்டிவைக்காமல் விட்டால் பழைய நிலைக்கே நிமிர்ந்துவிடும் என்பது அவர் இதற்குச் சொன்ன விளக்கம்.

ஆகவே கட்டிவைக்கும் வேலை புறப்படுவதற்கு முன்பே தொடங்க வேண்டும். திரும்பியபின் கூடும் நாட்களை, அதாவது இரண்டாம் வாரம், ஆறாம் வாரம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் என நான்கையும், பயணத் தேதியோடு சேர்த்தே குறித்துவிடுங்கள். வந்தபின் குறிக்கலாம் என்றால் இரண்டாவது கூட்டமே நடக்காது.

இரண்டாம் வாரக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரே ஒரு பழக்கத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். "இன்னும் அதிகமாக ஜெபிப்பேன்" என்பது நிற்காது. "செவ்வாய், வெள்ளி காலை 15 நிமிடம், அந்தச் சபையின் ஐந்து பேரைப் பெயர் சொல்லி ஜெபிப்பேன், சனிக்கிழமை இன்னாரிடம் சொல்வேன்" என்பது நிற்கும். கொடுத்தல் என்றால் தொகையும் தேதியும் எழுதுங்கள். அந்நியரை உபசரித்தல் என்றால் மாதத்தில் எந்த வாரம், எந்த வீட்டில் என்று எழுதுங்கள். கணக்குக் கேட்பவர் பயணத்துக்கு வராதவராக இருப்பது நல்லது. வந்தவர்கள் ஒருவரையொருவர் சீக்கிரம் மன்னித்துவிடுவார்கள்.

அப்படியானால் போகாமல் பணத்தை மட்டும் அனுப்பிவிடலாமே?

கட்டட வேலை மட்டுமே நோக்கம் என்றால், ஆம், அனுப்பிவிடுங்கள். அந்த ஹோண்டுராஸ் ஒப்பீட்டில் பயணச் செலவோடு சேர்த்துக் குழு கட்டிய வீட்டுக்குச் சுமார் 30,000 டாலர் ஆனது. உள்ளூர் கிறிஸ்தவ அமைப்புக்குச் சுமார் 2,000 டாலர் போதுமாயிருந்தது. ஆனால் பவுல் ரோமாபுரிக்குப் போக விரும்பியதற்குச் சொன்ன காரணம், "உங்களிலும் என்னிலுமுள்ள விசுவாசத்தினால்" இருதரப்பும் ஆறுதலடைவது (ரோமர் 1:12). இது பணம் அனுப்பி நடக்காது. அதற்காகவே போகிறோம் என்றால் திட்டமும் அதற்கேற்றபடி இருக்க வேண்டும்: குறைவான வேலை, நீண்ட பேச்சு, அவர்களுடைய போதகர் நம் சபைக்கு வந்து பிரசங்கிக்கவும் பயணச் செலவு ஒதுக்கீடு.

முழுநேர ஊழியத்துக்கு அழைப்பு வந்ததாக உணர்கிறேன். உடனே வேலையை விடலாமா?

ஆறு மாதம் பொறுங்கள். அந்த நாட்களில் சொந்த ஊரில் அதே மாதிரி மக்களுக்கு வாரம் ஒருமுறை ஊழியம் செய்யுங்கள். அந்த மொழியைக் கற்கத் தொடங்குங்கள். இரண்டையும் விட்டுவிட்டால் அழைப்பு அந்த இடத்தின் மீது வந்த ஆசையாக இருக்கலாம். அந்தியோகியாவில் ஆவியானவர் பேசியது சபை கூடி உபவாசித்தபோது. ஆகவே போதகர், குடும்பம், அந்த இடத்து விசுவாசிகள் மூவரிடமும் கேளுங்கள். மூன்றாமவரைக் கேட்க மறந்துவிடுகிறோம்.

சபையில் அறிக்கை கொடுக்க ஐந்து நிமிடம்தான் தருகிறார்கள். என்ன சொல்வது?

ஒரே ஒரு நபர், ஒரே ஒரு சம்பவம், அதில் கற்றது, ஜெபிக்க வேண்டிய ஒன்று. பெயர் சொல்வதற்கு அவரிடமே அனுமதி வாங்குங்கள். படம் ஐந்துக்குள் போதும். எல்லாவற்றிலும் நீங்களே நடுவில் நின்றால் மறுபடி தேர்ந்தெடுங்கள். அந்த இடத்து விசுவாசி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் இதே வார்த்தைகளைச் சொல்வீர்களா என்று ஒவ்வொரு வரியையும் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த வருடம் அதே இடத்துக்கா, புதிய இடத்துக்கா?

அதே இடத்துக்கு, அவர்கள் கூப்பிட்டால். "நாங்கள் வரலாமா?" என்று கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். அதனால் கேள்வியை மாற்றுங்கள்: போன முறை நாங்கள் செய்ததில் எதை நிறுத்தலாம்? எங்கள் வருகையால் உங்களுடைய எந்த வேலை தடைப்பட்டது? இருபது பேருக்குப் பதில் நான்கு பேர் வந்தால் உதவியா? எந்த மாதம் வரக் கூடாது? இதை அவர்கள் மதிக்கும் மூன்றாவது ஒருவர் மூலம், குழு ஊர் திரும்பி ஒரு மாதம் ஆனபின் கேட்டால் நேரான பதில் வரும். அந்தப் பதில் கையில் வந்த பிறகே அடுத்த பயணத்துக்குப் பெயர் சேர்க்கத் தொடங்குங்கள்.